கொட்டகையில் நிற்கும் மாஸி: பட்டறைக்கா, இரும்புக் கடைக்கா?

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கிவிட்டால் தஞ்சை, திருவாரூர் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர்களின் போன் ஓயாது. ‘நாளைக்கு வந்துடறேன்’ என்று எல்லோருக்கும் சொல்வார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும், நாற்றங்காலில் நாற்றுக்கு வயது ஏறும், உழவு மட்டும் நடக்காது. பத்து நாள் தள்ளிப்போன நடவு, அறுவடையில் மழையிடம் மாட்டிக்கொள்ளும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தவிப்பில்தான் கொட்டகையில் தென்னை மட்டைக்கும் உரச் சாக்குக்கும் நடுவே நிற்கிற அப்பா காலத்து மாஸி ஃபெர்குசன் கண்ணில் படும். இதையே சரிபண்ணி ஓட்டினால் என்ன?

கேட்ட மாத்திரத்தில் இரண்டு பதில் கிடைக்கும். ‘இரும்புக் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுங்கப்பா’ என்பார் வெளியூரில் வேலை பார்க்கும் மகன். ‘ஒரு லட்சம் செலவு பண்ணுங்க, புதுசாட்டம் ஆக்கித் தர்றேன்’ என்பார் பட்டறைக்காரர். இரண்டு பேரும் வண்டியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர விவசாயிக்குப் பழைய டிராக்டரை மீட்டெடுப்பது, பொதுவாக நினைப்பதைவிட அதிக நேரங்களில் சரியான முடிவு என்பது என் கருத்து. தவறுகிற இடங்களில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. எல்லோரும் முதலில் இன்ஜினைப் பார்க்கிறார்கள். ஒரு டிராக்டரில் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடிய பாகம் இன்ஜின்தான். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் என்று எதைக் கேட்டாலும் எந்தத் தாலுகா தலைநகரிலும் கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் கிடைப்பார். பணம் கொடுத்தாலும் கிடைக்காதவை வேறு. பார்வை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

புத்தகம் இருக்கா?

அனுபவமுள்ள புரோக்கர் வண்டி அருகே போகும் முன் கேட்கும் கேள்வி இது. ஆர்.சி. புத்தகம் இல்லாத டிராக்டர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வரப்பைத் தாண்டி சாலையில் இறங்கினால் பிரச்சினைதான். விவசாய டிராக்டர் சட்டப்படி போக்குவரத்து அல்லாத வாகனம். முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். வயது கூடிவிட்டது என்பதற்காக மட்டும் நம் மாநிலத்தில் யாரும் அதைப் பிடுங்குவதில்லை. புதுப்பிக்காமல் பல ஆண்டு விட்டிருந்தால் தாமதக் கட்டணம் சேரும், வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டும்.

இதைவிடச் சிக்கலானவை இரண்டு. புத்தகத்தில் இன்னும் வங்கியின் பெயர் அடமானமாக இருப்பது ஒன்று. கடன் கட்டி முடித்து இருபது ஆண்டு ஆகியிருக்கும். அன்றைக்கே வங்கியில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கிக் கொடுத்து நீக்கியிருந்தால் ஒரு நாள் வேலை. இன்றைக்கு அந்த வங்கிக் கிளையே வேறு வங்கியோடு இணைந்திருக்கக்கூடும். அடுத்தது, வண்டி இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருப்பது. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். கிராமத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியாமல் இருந்தால், இரண்டு லட்சம் செலவழித்து ஓட வைத்தபின் ‘அதில் எனக்கும் பங்கு உண்டு’ என்று ஒருவர் வந்து நிற்பார். பட்டறைக்குப் போகும் முன் குடும்பத்துக்குள் பேசி, எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

புத்தகத்திலுள்ள இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியிலுள்ள எண்களோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். இடையில் எப்போதோ வேறு இன்ஜின் மாற்றி, அதைப் புத்தகத்தில் பதியாமல் விட்ட வண்டிகள் நிறைய உண்டு.

வாரிசுள்ள வண்டி, வாரிசில்லாத வண்டி

இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. இந்த வண்டியின் வம்சம் இன்னும் உற்பத்தியில் இருக்கிறதா? பழைய டிராக்டரின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அதன் வயதைவிட இதற்குப் பங்கு அதிகம்.

நம் ஊர்ப் பக்கம் மாஸிதான் இதற்கு நல்ல உதாரணம். 1960-ல் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸி ஃபெர்குசனோடு கூட்டு சேர்ந்து சென்னை செம்பியத்தில் டாஃபேயைத் தொடங்கியது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்த மாஸி 35-ன் அமைப்புதான் அடிப்படை. அதன் பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் இன்ஜினின் வழியில், அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்ப்சன் இங்கே இன்ஜின் செய்தது. பிஸ்டனும் லைனரும் செய்ய இந்தியா பிஸ்டன்ஸ், அதுவும் சென்னையிலேயே. அந்த வரிசையில் வந்த 1035 இன்றைக்கும் புதிதாக விற்பனையில் இருக்கிறது. நாற்பது ஆண்டு பழைய வண்டிக்கு நேற்று வார்த்த உதிரிபாகம் கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்தத் தொடர்ச்சி. மாஸி ஃபெர்குசன் பெயருக்காக அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்தோடு இருந்த வழக்கும் 2025-ல் சமரசமாகி, இந்தியா, நேபாளம், பூடான் மூன்று நாடுகளிலும் அந்தப் பெயர் டாஃபேக்கே சொந்தம் என்று முடிந்தது. இலங்கையில் வன்னிப் பக்கமும் மட்டக்களப்புப் பக்கமும் 35, 135, 240 என்று பழைய மாஸிகளை விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு நல்ல பழைய மாஸி குடும்பச் சொத்து.

ஐஷர், 1959-ல் ஃபரிதாபாத்தில் இந்தியாவிலேயே முதலில் தயாரான டிராக்டர். அந்தத் தொழிலை 2005-ல் டாஃபே வாங்கிக்கொண்டதால் அதற்கும் ஆதரவு தொடர்கிறது. எஸ்கார்ட்ஸ் செய்த பழைய ஃபோர்டு 3600 வைத்திருப்பவர், அதன் வழிவந்த ஃபார்ம்டிராக் வண்டிகளின் பாகங்களில் பலவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். 1963-ல் மஹிந்திரா கூட்டுத் தொழிலாகத் தொடங்கிய இன்டர்நேஷனல் பி-275-க்கு வடமாநிலங்களில் இன்றும் சந்தை இருக்கிறது. எச்.எம்.டி.தான் கவலைக்குரியது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் நுட்பத்தோடு 1971-ல் பிஞ்சோரில் தொடங்கிய அந்த டிராக்டர் பிரிவை மூடுவதற்கு 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. எச்.எம்.டி. நல்ல வண்டி, உறுதியான வண்டி. ஆனால் இனி அதற்கு வெளிச் சந்தைப் பாகங்களையும், பிரித்துப் போட்ட வண்டிகளையும்தான் நம்ப வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை மீட்பதானால், பாகம் எடுப்பதற்கென்றே இன்னொரு செத்த வண்டி கைவசம் இருந்தால்தான் இறங்க வேண்டும்.

முதுகெலும்பைத் தட்டிப் பார்ப்பது

லாரிக்கு இருப்பதுபோல் டிராக்டருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சுக் கூடு என்று மூன்று வார்ப்பிரும்புப் பெட்டிகளை வரிசையாகப் போல்ட் போட்டு இறுக்கியதே அதன் உடம்பு. இந்த வார்ப்புகளில் விரிசல் விழுந்தால் கதை முடிந்ததற்குப் பக்கம். வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்துச் சேர்க்கலாம், கோவையில் அதைக் கச்சிதமாகச் செய்யும் கைகள் உண்டு. ஆனால் சேற்றில் கேஜ் வீல் மாட்டி முறுக்கும்போது வருகிற விசையை அந்த ஒட்டு எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு, அரை நாள் செலவழித்து, மூன்று பெட்டிகளின் இணைப்புகளையும் சுத்தமாகத் துலக்கிப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் புடைத்த தழும்பு போல வெல்டிங் தெரிந்தால் நிதானிக்க வேண்டும்.

அந்த வண்டி எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்வதற்கு ஒரு சிறிய இடம் இருக்கிறது. பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கியின் துளை. உழவுக்கு மட்டும் ஓடிய வண்டியில் அது வட்டமாகவே இருக்கும். கரும்பு, செங்கல், மணல் என்று பல ஆண்டு பாரம் இழுத்த வண்டியில் அது தேய்ந்து முட்டை வடிவத்துக்கு நீண்டிருக்கும். அப்படி நீண்டிருந்தால் கிளட்ச், கியர், பின் அச்சு, பிரேக் எல்லாமே அந்தப் பாரத்தைச் சுமந்தவை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். மணி காட்டும் மீட்டரை மாற்றி வைப்பார்கள், கொக்கியை மாற்றி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின் புஷ் தேய்மானம் தெரிந்துவிடும். அது பெரிய செலவில்லை. பின் சக்கரத்து ரிம்மைக் கவனியுங்கள். பாரத்துக்காக டியூபில் தண்ணீர் நிரப்பி ஓட்டிய வண்டிகளில் வால்வு இருக்கும் இடத்தைச் சுற்றி ரிம் உள்ளிருந்து துருப்பிடித்துத் தகடாக உரிந்திருக்கும். 1035-க்குப் பின் டயர் 12.4-28, முன் டயர் 6.00-16. ரிம்மும் டயரும் சேர்ந்து நான்கும் போய்விட்டிருந்தால், மீட்புச் செலவில் கணிசமான பங்கு அதற்கே போகும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பது இந்த இடத்தில் உண்மையான உதவி.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் தனிக் கணக்கு. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோதும் நீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. நல்ல தண்ணீரில் மூழ்கி, அந்த வாரமே எண்ணெய் மாற்றிய வண்டியை நம்பலாம். உப்பு நீர் உள்ளே போய் மாதக்கணக்கில் நின்றிருந்தால் ஒவ்வொரு பேரிங்கும் பழுது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபெர்குசனின் கை

பழைய மாஸியை மீட்கலாமா என்ற கேள்வியின் உயிர்நாடி, என்னைக் கேட்டால், அதன் ஹைட்ராலிக்ஸ். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் உழவில் ஒரு ஆபத்தைக் கண்டார். கலப்பையை வெறுமனே பின்னால் கட்டி இழுத்தால், அது கல்லிலோ வேரிலோ மாட்டும்போது டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுநர் மேலேயே கவிழும். அதற்கு அவர் கண்ட தீர்வு, கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று புள்ளிகளில் கலப்பையை வண்டியோடு ஓர் உடம்பாகப் பிணைப்பது. 1920-களின் நடுவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மண் இறுகினால் கலப்பை மேல் கையை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் பின்னாலிருக்கும் ஒரு கனத்த சுருள்வில்லை அமுக்கும். வில் அமுங்கியதும் உள்ளே வால்வு திறந்து, ஹைட்ராலிக்ஸ் கலப்பையைச் சற்றே தூக்கிக் கொடுக்கும். கலப்பையின் எடை பின் சக்கரத்தின் மேல் வந்து பிடிமானமும் கூடும். 1946 முதல் கவென்ட்ரியில் தயாரான அவருடைய சாம்பல் நிறச் சின்ன டிராக்டர் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது இந்த ஒன்றை நம்பித்தான். இன்றைக்கு உலகில் ஓடும் ஏறக்குறைய எல்லா டிராக்டர்களிலும் இருப்பது அவர் வகுத்த மூன்று புள்ளி இணைப்பு.

மாஸி 35 வழிவந்த வண்டிகளில் இந்த ஹைட்ராலிக் பம்ப் பின் அச்சுக் கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கியே இருக்கிறது. கியருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஹைட்ராலிக்ஸுக்கும் ஒரே எண்ணெய், சுமார் 30 லிட்டர். எளிமையான, அழகான ஏற்பாடு. அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. கியர் லீவரின் ரப்பர் கிழிந்து மழைநீர் உள்ளே இறங்கினால், மூன்றையும் ஒரே நேரத்தில் கெடுக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அதிகாலையில் போக வேண்டும். இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியின் அடியில் படுத்து, ஸ்டார்ட் செய்யும் முன், பின் கூட்டின் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம், சொட்டினால் போதும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, இரவில் அடியில் தங்கிவிடும். முதலில் வருவது எண்ணெய் என்றால் நிம்மதி. தெளிந்த தண்ணீர் அரை டம்ளர் வந்து பிறகு எண்ணெய் வந்தால் அண்மையில் இறங்கியது, மாற்றிவிட்டால் சரியாகும். பழுப்புத் தண்ணீர் துருவோடு விடாமல் வந்தால் உள்ளே பல்சக்கரங்களும் பேரிங்குகளும் பம்ப் வால்வும் பல ஆண்டாகத் துருவில் ஊறியிருக்கின்றன. இதே சோதனையை இன்ஜின் சம்ப்புக்கும் செய்யலாம்.

அதன்பின் லிஃப்ட். ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி உயரத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டும். கண்ணெதிரே தொம்மென்று இறங்கினால் உள்ளே சிலிண்டரோ வால்வோ கசிகிறது. பின்னாலிருக்கும் அந்தச் சுருள்வில்லின் முனையைக் கையால் பிடித்து முன்பின் அசைத்துப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் ஆழக் கட்டுப்பாடு வேலை செய்யாது. அதைச் சரியாக வைத்துத் தரத் தெரிந்த மெக்கானிக்குகள் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வட்டாரத்தில் பழைய மாஸியின் லிஃப்டைக் கழற்றிச் சேர்த்து ஓட வைக்கும் ஒருவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். வண்டியின் நிலைமைக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்களோ, அதே அளவு இதற்கும் தர வேண்டும்.

கடைசியில் இன்ஜின்

இனி இன்ஜினுக்கு வரலாம். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் பார்த்தது இது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்த இளைஞர் செல்ஃப் சாவியைத் திருகப் போனார். பட்டறைக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“ஸ்டார்ட் பண்ணாத தம்பி. முதல்ல அந்த ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்று.”

“இன்ஜின் நல்லாத்தான் ஓடுச்சு அண்ணே, நின்னு நாலு வருஷந்தான் ஆவுது.”

“ஓடுச்சா இல்லையான்னு நான் கேக்கல. எப்படி வச்சிருந்தீங்கன்னு பாக்கணும்.”

பழைய டிராக்டரில் காற்று ஓர் எண்ணெய்க் கிண்ணத்தின் வழியே போய்த்தான் இன்ஜினுக்குள் நுழையும், தூசி எண்ணெயில் தங்கிவிடும். கழற்றிய கிண்ணத்தில் எண்ணெயே இல்லை. காய்ந்த மண் இரண்டு விரல் கனத்துக்கு இறுகிக் கிடந்தது. பட்டறைக்காரர் அதை விரலால் கீறி எடுத்துக் காட்டினார். பல பருவம் புழுதியைத் தின்றுகொண்டே ஓடிய இன்ஜின் அது. லைனரும் ரிங்கும் தேய்ந்திருக்கும் என்பதை ஸ்டார்ட் செய்யாமலேயே சொல்லிவிடலாம். அந்தக் கிண்ணம் சுத்தமாக, அளவான எண்ணெயோடு இருக்கும் வண்டியின் சொந்தக்காரர் மற்ற எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

பல ஆண்டு நின்ற இன்ஜினைச் சாவி போட்டுச் சுற்ற அவசரப்படக் கூடாது. நாசில்களைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகிப்போனதை இழுத்து ஓட வைக்கப்போய், ரிங் உடைந்து லைனரைக் கீறினால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். டீசல் டேங்க்கில் கெட்டியான பழைய டீசலை அப்படியே பம்புக்கு அனுப்பினாலும் அதே கதைதான். இந்த வண்டிகளின் சுழல் பம்புக்கு டீசலே மசகெண்ணெய், அழுக்கு டீசல் அதைத் தின்றுவிடும்.

ஓடத் தொடங்கிய பின் புகையின் நிறம் பேசும். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. சூடேறிய பிறகும் விடாமல் வரும் வெண்புகையை அலட்சியப்படுத்தக் கூடாது. விலைக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் போனவுடன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள்.

இன்ஜினில் ஒன்றுதான் திரும்பாத எல்லை, அது கிராங்க். தேய்ந்த கிராங்க்கைக் கடைந்து பேரிங் மாற்றும்போது பத்து, இருபது, முப்பது என்று அளவு இறங்கிக்கொண்டே போகும். ஏற்கெனவே முப்பதுக்கு வந்துவிட்டதா என்று திறந்த உடனே அளந்து கேளுங்கள். வந்திருந்தால் புது கிராங்க்கின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கணக்கு

வேளாண்மைப் பொறியியல் பாடங்களில் ஒரு டிராக்டரின் ஆயுளை 10 ஆண்டு என்றும், ஆண்டுக்கு 1,000 மணி ஓட்டம் என்றும், கடைசியில் மிஞ்சும் மதிப்பு விலையில் பத்தில் ஒரு பங்கு என்றும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஆண்டுக்கு 250 மணி மட்டும் ஓடிய வண்டி, 30 ஆண்டு ஆன பிறகும் 7,500 மணிதான் ஓடியிருக்கும். ஆண்டை எண்ணி வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்வது இதனால்தான் தவறாகப் போகிறது.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம், எண்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கர் நெல், இரண்டு போகம். புழுதி உழவு, சேற்றுழவு, பரம்பு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஒரு போகத்தில் 8 மணி என்றால் ஆண்டுக்கு 80 மணி. அக்கம்பக்கத்து வயலுக்கும் ஓட்டினால் 250 மணி வரை போகலாம். ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானபின் புது வண்டி விலை இறங்கியிருந்தாலும், கையிலிருப்பது போக 5 லட்சம் கடன் வாங்கினால், 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 1,33,000 ரூபாய் கட்ட வேண்டும். 250 மணிக்கு வகுத்தால் மணிக்கு 530 ரூபாய் கடனுக்கே போகிறது. டீசல், பராமரிப்பு அதற்கு மேல்.

பழைய வண்டிக்கு 2 லட்சம் செலவு என்று வைப்போம். இரும்பாகப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் 50,000-ஐயும் சேர்த்தால் இரண்டரை லட்சம். அது எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 250 மணி ஓடினால் மணிக்கு 125 ரூபாய். ஆண்டுப் பராமரிப்பு 30,000 என்றால் மணிக்கு இன்னொரு 120. டீசல் 3 லிட்டருக்கு ஒரு 280. மொத்தம் 525. வேளாண்மைப் பொறியியல் துறை இ-வாடகை மூலம் அண்மை ஆண்டுகளில் மணிக்கு 500 ரூபாய்க்கு டிராக்டர் விடுகிறது, தனியார் வாடகை அதைவிடக் கூடுதல். அரசு வாடகையை ஒட்டியே வருகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். ஜூன் மாதத்தில் அந்த வண்டி நீங்கள் கேட்ட நாளில் வருமா என்பதே பதில். சொந்த வண்டியால் கிடைப்பது நாள். நெல்லுக்கு அந்த நாளின் விலை என்ன என்று பயிர் வைப்பவருக்குத் தெரியும்.

இதே கணக்கைச் சொந்த வயலின் 80 மணிக்கு மட்டும் போட்டால், பராமரிப்பை 15,000 ஆகக் குறைத்தாலும் மணிக்கு 850 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஆகவே பிறர் வயலுக்கு ஓட்டும் எண்ணமோ, ஓட்ட ஆளோ இல்லாதவர், பாசத்துக்காக மட்டும் இரண்டு லட்சத்தை இறக்கக் கூடாது. அவர் வாடகைக்கு எடுப்பதே சரி. வருத்தமாக இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்படி இறக்கிய பணம் பெரும்பாலும் நகைக்கடனில் வந்தது.

மீட்பது என்று முடிவானால் முதல் ரூபாய் பிரேக்குக்குப் போகட்டும். சேற்றுழவு ஓடிய வண்டியில் பின் அச்சு ஆயில் சீல் கசிந்து பிரேக் டிரம்முக்குள் எண்ணெயும் சேறும் இருக்கும். இரண்டு பக்கப் பிரேக்கும் ஒரே அளவில் பிடிக்காத டிராக்டர், வாய்க்கால் கரையில் ஆளைக் கொல்லும். பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் வளைவுச் சட்டமும் கிடையாது, பொருத்த முடிந்தால் பொருத்துங்கள். பி.டி.ஓ. தண்டுக்கு மூடி போடுங்கள். அடுத்து ஸ்டியரிங், முன் அச்சு. அதன்பின் லிஃப்ட், கிளட்ச். கிளட்ச்சுக்காக வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருப்பதால், பிரித்த கையோடு அந்தப் பக்கத்து சீல்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். இன்ஜின் அதற்குப் பின். பெயிண்ட் கடைசியிலும் கடைசி.

எஸ்டேட்டிலோ பழைய பண்ணையிலோ சாம்பல் நிற ஃபெர்குசனோ, 1950-களின் கடைசியில் வந்த ஆரம்பகால 35-ஓ யாரிடமாவது கிடந்தால் அவருக்கு மேற்சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அவை வரலாறு. அவற்றின் அசல் பெயர்த் தகட்டைக் கழற்றாதீர்கள், மிச்சமிருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டாதீர்கள், புது மட்கார்டு மாட்டாதீர்கள். துருவை நிறுத்தி, மழைபடாமல் வைத்து, ஓட முடிந்தால் ஓட்டுங்கள். உழுவதற்கு வேறு வண்டி இருக்கிறது.

எல்லாம் பார்த்து, முடியாது என்று தீர்ந்த வண்டியையும் எடைக்குப் போட வேண்டாம். ஒன்றே முக்கால் டன் இரும்புக்குக் கிடைப்பதைவிட, பிரித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். விரிசலில்லாத கியர் பாக்ஸ் ஒருவருக்குத் தேவைப்படும், நல்ல பின் அச்சு இன்னொருவருக்கு, ரிம்கள் வேறொருவருக்கு. ஓடக்கூடிய இன்ஜின் கிணற்றடியில் பம்பு இறைக்கப் போகலாம். பட்டறைகளில் சொல்லி வைத்தால் ஆள் தேடி வரும். பிரித்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை மட்டும் வீட்டில் வைத்திருக்காதீர்கள், வண்டியோடும் யாருக்கும் கொடுக்காதீர்கள். 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பதிவை ரத்து செய்து, அதற்கான சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணை மாட்டிக்கொண்டு வேறொரு வண்டி எங்கோ ஓடும், நோட்டீஸ் உங்கள் வீட்டு முகவரிக்கு வரும்.